ஒரு கை மேக்கப்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரை

காலை ஏழு ஐம்பது பஸ். தோளில் ஹேண்ட்பேக், கையில் டிபன் கூடை, இடுப்பில் மூன்று வயசுப் பையன். சீட் கிடைத்தால் அவன் மடிக்கு இறங்குவான், இடது கை அவனைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு முக்கால் மணி நேரம். அதற்குள், அந்த ஒரு கையால், ஒரு கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்காரும் அளவுக்கு முகத்தைத் தயார் பண்ணியாக வேண்டும். பையனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு டூட்டியில் ஏறினால் கண்ணாடி பார்க்கக்கூட நேரம் இருக்காது.

"அஞ்சு நிமிஷ மேக்கப்" என்று வருகிற வீடியோக்களை ஒரு காலத்தில் விழுந்து விழுந்து பார்த்தேன். அந்தப் பெண்களுக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கிறது, தலைக்கு மேலே ஏசி ஓடுகிறது. நமக்கு அது சரிப்படாது. அதனால் போன ஓணத்திலிருந்து இந்தச் சித்திரை வரைக்கும் நானே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். ஒரு கையால் திறக்க முடிய வேண்டும், ஓடுகிற பஸ்ஸில் போட முடிய வேண்டும், மதியச் சாப்பாடு வரை நிற்க வேண்டும், பையன் கன்னத்தோடு கன்னம் தேய்த்தால் அவன் மேல் ஒட்டக்கூடாது. தேறியது, தேறாதது எல்லாம் கீழே.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் அகலமாகத் திறந்து கிடப்பதால், அந்தச் சந்து வழியாக வருகிற காற்று முழுக்க எங்கள் மேல்தான். மார்கழி தையில் கிழக்கிலிருந்து வறட்டுக் காற்று, உதடு வெடிக்கும். மாசி பிறந்தால் சூடு. 2024 ஏப்ரலில் வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தது, 41 டிகிரியைத் தாண்டியது. கொச்சி, திருவனந்தபுரம் பக்கம் போல வேர்வை ஊற்றிக்கொண்டே இருக்கிற புழுக்கம் இல்லை இது. இங்கே வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், உப்பு மட்டும் தோலில் நிற்கும். அந்த உப்பின் மேல் பவுடர் போட்டால் என்ன ஆகும் என்பதை அப்புறம் சொல்கிறேன். இன்னொரு கொடுமை, நான் காலையில் கிழக்கே போகிறேன், சாயங்காலம் மேற்கே திரும்புகிறேன். ரெண்டு நேரமும் சூரியன் நேர் எதிரே.

முதலில் ஃபவுண்டேஷன் கதை. நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கினது மிச்சம் இருக்கிறதே என்று ஒருநாள் டூட்டிக்குப் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் என் நிறத்துக்கு ரெண்டு படி வெளுப்பாகத்தான் கொடுத்திருந்தாள். "ப்ரைட்டா இருக்கும் சேச்சி" என்றாள். பதினோரு மணிக்கு மூக்கின் ரெண்டு பக்கமும் பிளந்து, மேல் உதட்டின் மேலே திட்டுத்திட்டாக நின்றது. கண்புரை ஆபரேஷன் முடிந்து பரிசோதனைக்கு வந்த ஒரு பாட்டி கவுன்டரில் சீட்டைக் கொடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார். "ஏங்கண்ணு, மூஞ்சில சுண்ணாம்பு கிண்ணாம்பு பட்டுருச்சா?" பாட்டிக்கு ஆபரேஷன் வெற்றி என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

குறை அந்த ஃபவுண்டேஷன் பாட்டிலிடம் மட்டும் இல்லை. சூட்டில் தோல் எண்ணெயும் விடும், வேர்வையும் விடும். ரெண்டும் சேர்ந்தால் மேலே பூசிய கனமான பூச்சு நழுவித்தான் ஆக வேண்டும். அதற்குப் பதிலாக நான் பிடித்துக்கொண்டது நிறம் கலந்த சன்ஸ்கிரீன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ரெண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது, நிறைய அம்மாக்களுக்கு இருக்கும். அந்த மங்குத் திட்டுகளைக் கறுக்க வைப்பதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு கலந்தது தடுக்கும், அதுவே லேசான மாநிறத்தையும் கொடுத்துவிடும். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் சி.ஐ. 77491, 77492, 77499 என்று எண்கள் இருக்கிறதா பாருங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகள்தான் அவை. முன்பக்கம் என்ன பூ படம் போட்டிருந்தாலும் நான் இந்த எண்களைத்தான் தேடுவேன்.

எஸ்பிஎஃப் என்பது டியூபில் போட்டிருக்கிற வெயில் தடுப்பு எண். அதில் 30-க்கும் 50-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. 30 என்றால் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும். ஆரம்பத்தில் நான் மிளகு அளவு எடுத்து முகம் பூராவும் இழுத்துக்கொண்டிருந்தேன், அது போட்டதற்குக் கணக்கே இல்லை. இது ஒன்று மட்டும் வீட்டிலேயே, ரெண்டு கையாலும். ஏழேகாலுக்குப் பூசிவிட்டு மூத்தவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தால், ரெட்டைச் சடை முடிவதற்குள் காய்ந்துவிடும். காயாமல் மேலே எதையும் வைக்காதீர்கள், அழுக்கு உருண்ட மாதிரி திரியும். பையன் கன்னம் தேய்க்கிற பரீட்சையிலும் காய்ந்த பிறகு தேறிவிட்டது. காயும் முன் ஒருநாள் தேய்த்தான், அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளை மாதிரி இல்லாமல் நாடகத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடச் சொல்வார்கள். வெளியிலேயே நிற்பவர்களுக்கு அது அவசியம். நான் கட்டடத்துக்குள் உட்காருவதால் சாயங்காலம் பஸ் ஏறும் முன் முகம் கழுவி ஒருமுறை போடுவதோடு சரி.

மூக்குக்கு மட்டும் தனி வைத்தியம். லாக்டோ காலமைன் அம்மா காலத்து லோஷன், ரோஸ் நிறம். அதில் இருக்கிற கயோலின் களிமண் எண்ணெயை உறிஞ்சும். மூக்கிலும் மோவாயிலும் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்துவிட்டால் மதியம் வரை விளக்கு எரியாது. முகம் முழுக்கப் போடாதீர்கள், தைக் காற்றில் கன்னம் இழுத்துப் பிடிக்கும்.

இனி பவுடர். எங்கள் வீட்டில் இது எல்லைத் தகராறு. மாமியார் வீட்டு அலமாரியில் குட்டிக்கூரா, அம்மா வீட்டு அலமாரியில் கோகுல் சாண்டல். அத்தைக்குக் குட்டிக்கூரா வாசனை இல்லாமல் குளித்த மாதிரியே இருக்காது. அம்மாவோ, "அதென்ன மலையாளத்து வாசம்" என்பாள். நான் ரெண்டு பக்கமும் தலையாட்டுகிற ஆள், ஆனால் முகத்துக்கு ரெண்டையும் நிறுத்திவிட்டேன். இங்கேதான் அந்த உப்பு விஷயம். காய்ந்த வேர்வையின் மேல் டால்கம் பவுடரைப் போட்டால் ஒரு மணி நேரம் பூ மாதிரி இருக்கும். அடுத்த வேர்வை வந்ததும் குழைந்து கழுத்து மடிப்பில் இறங்கும். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் முன்னால் இருப்பவர்களின் பின்கழுத்தைப் பாருங்கள், தெரியும். மூன்று வெள்ளைக் கோடு, திருநீறு பூசின மாதிரி, நடுவில் தாலிச்செயின் அந்தக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். நான் அப்படித்தான் ரெண்டு வருஷம் போயிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. இப்போது பவுடர் உடம்புக்கு மட்டும். முகத்தில் எண்ணெய் தெரிந்தால் வெள்ளைக் காட்டன் கர்ச்சீப்பை ஒற்றி எடுக்கிறேன். ஒற்றணும், துடைக்கக் கூடாது. துடைத்தால் ஏழேகாலுக்குப் பூசியது முழுக்கக் கர்ச்சீப்புக்குப் போய்விடும். காம்பாக்டும் தேறவில்லை. ஒரு கையில் டப்பா, ஒரு கையில் பஞ்சு வேண்டும், வழியில் நாட்டுக்கல் ஊர் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் என் காம்பாக்ட் கீழே விழுந்து சுக்குநூறாகியது.

கண்மைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஓடுகிற பஸ்ஸில் உதட்டுக்குப் போடலாம், பொட்டு வைக்கலாம், மை வைக்க முடியாது. வண்டி நிற்க வேண்டும். எனக்கு வண்டி நிற்கிற இடம் கோபாலபுரம் செக்போஸ்ட். கேரளா முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடம். டிரைவர் டீ குடிக்கிறாரோ இல்லையோ, ஆள் ஏறி இறங்க மூன்று நிமிஷமாவது நிற்பார். 2017-ல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வரி செக்போஸ்ட் இருந்த காலத்தில் லாரி வரிசை நீண்டு கிடக்கும். அப்போது நான் வேலைக்குப் போயிருந்தால் கல்யாணப் பெண் மேக்கப்பே போட்டு முடித்திருப்பேன்.

அந்த மூன்று நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்றால், பென்சிலைப் பல்லால் கடித்து மூடியை உருவி, மூடியைப் பையன் கையில் கொடுத்துவிடுவேன். அது அவன் டூட்டி. கண்ணாடி பிடிக்கக் கை இல்லை. கேரளா பஸ்ஸில் பெண்கள் சீட் முன்பக்கம் என்பதால் டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற பெரிய கண்ணாடி எனக்குத் தெரியும், அது போதும். கீழே பார்க்காமல், மோவாயைத் தூக்கி, பாதிக் கண்ணை மூடி, மேல் இமை முடியின் வேரோடு ஒட்டி, வெளிமூலையிலிருந்து உள்ளே மூன்று குட்டிக் குட்டி இழுப்பு. ஒரே கோடாக இழுக்கப் போனால் நடுங்கும். மூன்றையும் சுண்டு விரல் நுனியால் ஒருமுறை தொட்டுச் சேர்த்துவிட்டால் முடிந்தது. அடுத்த கண். மூடியைத் திருப்பி வாங்க ஒரு பிஸ்கட் செலவு. ஒருமுறை பிஸ்கட் இல்லை, மூடி ஜன்னல் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது.

"கண்ணெழுதிக் கழிஞ்ஞோ சேச்சி?" என்று கண்டக்டர் கேட்டுவிட்டுத்தான் விசில் அடிப்பார். மலையாளத்தில் கண்ணை எழுதுகிறார்கள், நாம் மை வைக்கிறோம். பஸ்ஸில் செய்து பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

கீழ் இமையின் உள்விளிம்பில் ஏன் இழுப்பதில்லை? ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன, அந்த எண்ணெய்தான் கண்ணீர் காய்ந்துபோகாமல் மூடி வைக்கிறது. அதன் மேல் தினமும் மையை அப்பினால் வாய் அடைபடும், கண் உறுத்தும், கட்டி வரும். அது ஒரு பக்கம். வெயிலில் முதலில் கரைந்து வழிவதும் அந்தக் கீழ்க்கோடுதான். மேல் இமையோடு நிறுத்தினால் கண்ணுக்கும் நல்லது, பாண்டா கரடியாகவும் ஆக மாட்டோம்.

எனக்குத் தேறியது லேக்மே ஐகானிக் காஜல். திருகினால் மேலே வரும், சீவ வேண்டாம், பல்லால் மூடி உருவ முடிகிறது. மதியம் ஒரு மணி வரை அசையவில்லை, என் கணக்குக்கு அது நூறு மார்க். கல்யாணம், திருவிழா என்றால் ஐடெக்ஸ் டேஸ்லர் லிக்விட் ஐலைனர். நம் சென்னைக் கம்பெனி, எந்தக் கிராமத்து ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும், காய்ந்துவிட்டால் அப்படியே நிற்கும். ஆனால் பாட்டிலை ஒரு கை பிடிக்க, பிரஷை ஒரு கை பிடிக்க வேண்டியிருப்பதால் பஸ்ஸுக்கு ஆகாது.

அத்தை வீட்டிலேயே மை கூட்டுவார். பூவாங்குருந்தல் சாற்றில் துணியை நனைத்துக் காய வைத்து, திரியாக்கி எரித்து, புகை படிந்த கரியை நெய்யில் குழைப்பது. எங்கள் அம்மா பக்கம் கரிசலாங்கண்ணிச் சாறும் விளக்கெண்ணெயும். ரெண்டும் வாசனையாக, குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதில் இறுகிப் பிடிக்க மெழுகு இல்லை, நெய்யும் எண்ணெயும்தான். நாட்டுக்கல் வருவதற்குள் கன்னத்துக்கு வந்துவிடும். ராத்திரி வீட்டில் வைத்துக்கொள்கிறேன், அத்தைக்கும் சந்தோஷம். பையன் கண்ணுக்குள் எந்த மையும் வைக்க விடுவதில்லை, உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று சமாதானம் ஆகியிருக்கிறது.

உதட்டுக்கு அதிகம் எழுத ஒன்றும் இல்லை. குச்சி வடிவத்தில் வருகிற, நிறம் கலந்த லிப் பாம் ஒன்று போதும், கண்ணாடியே வேண்டாம். விரலால் தொட்டு எடுக்கிற டப்பா வகைக்குப் பஸ்ஸில் ஒரு கை பற்றாது, தவிர கம்பியைப் பிடித்த விரலை உதட்டில் வைக்க மனசு வராது. அதே குச்சியை ரெண்டு கன்னத்திலும் ஒரு தொடு தொட்டுத் தேய்த்தால் தூங்கி எழுந்த முகம் மாறிவிடும். லிப்ஸ்டிக்கை வீட்டுக்காரர் ஸ்கூட்டர் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். மெழுகும் எண்ணெயும் சேர்ந்த சமாச்சாரம், சாயங்காலம் திறந்தபோது பாயசம். ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகியது, ஆனால் மேலே எண்ணெய் முத்து முத்தாகக் கோர்த்து நின்றது, பிறகு பழைய வழவழப்பு வரவே இல்லை.

பொட்டில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஸ்டிக்கர் பொட்டுதான் ஒரு கைக்கு ரொம்ப வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சில பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்கிற ஒரு பொருள் இருக்கும். ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் ஒட்டினால் தோலில் நிறம் கொடுக்கிற செல்களையே அது கெடுத்துவிடும், பொட்டு இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளை விழும். பெரியவர்கள் சிலருடைய நெற்றியில் பார்த்திருப்பீர்கள். அரிப்பு வந்தாலே பிராண்டை மாற்றக் காத்திருக்காமல் நிறுத்திவிடுங்கள். நான் வாரத்தில் ரெண்டு மூன்று நாள்தான் ஸ்டிக்கர், மற்ற நாளில் அத்தை பகவதி கோவிலிலிருந்து கொண்டு வருகிற சந்தனம். காய்ந்தால் உதிரும், உதிரட்டும்.

எங்கே வாங்குகிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்தான். அங்கே இருக்கிற அக்கா டியூபைத் திறந்து புறங்கையில் போட்டுக் காட்டி, "வெளிய வெயில்ல நின்னு பாத்துட்டு வா அம்மிணி, உள்ள டியூப்லைட்ல எல்லாரும் வெள்ளைதான்" என்பார். ஆன்லைனில் இந்த வசதி இல்லை, நிறம் தேர்ந்தெடுக்கும்போது இது ஒன்றுக்காகவே பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம். அங்கேயே ஒருநாள், தயாரித்த இடம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர் எதுவும் இல்லாத வெளுப்பு கிரீம் டப்பாவை ஒரு பெண் கேட்டு வந்தாள். வேறெங்கோ வாங்கியதாம், காலி டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தாள். அக்கா கையில்கூட வாங்கவில்லை. 2023-ல் மலப்புரம் பக்கம் இந்த மாதிரி கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்ட செய்தியும், கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை போட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதிரி கிரீமில் இருப்பது பாதரசம். அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் பத்து நாளில் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சேருகிற இடம் சிறுநீரகம். "ரெண்டு வாரத்துல வெளுக்கறது எதுவும் என் கடைல கெடையாது" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்.

ஆக இப்போது என் பையில் இருப்பது காஜல், லிப் பாம் குச்சி, பொட்டு அட்டை, ரெண்டு கர்ச்சீப், பிஸ்கட் பாக்கெட். அவ்வளவுதான். சன்ஸ்கிரீனும் லோஷனும் குளியலறை அலமாரியில்.

இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் இந்தக் கணக்கு மாறும். கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும், எல்லோரும் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், பஸ்ஸுக்குள் டிரைவர் கண்ணாடியில் என் முகம் தெரியாது. போன வருஷம் அந்த ரெண்டு மாசமும் அம்மா வீட்டில், பையன் இட்லியை ஒவ்வொரு விள்ளலாக வாங்கிக்கொள்கிற இடைவெளியில், இடது கையில் தட்டோடு கண்ணெழுதினேன். அங்கேயும் ஒரு கைதான்.